பைபோலாருக்கான குழுத் திறன் பயிற்சி: சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்

மனச்சோர்வும் அதற்கு நேரெதிரான எழுச்சி நிலையும் (மேனியா) மாறி மாறி வரும் மனநோய் பைபோலார். அது உள்ளவர்களுக்கென நடத்தப்படும் ஒரு குழுப் பயிற்சியை எடைபோட முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மனம் மேலே ஏறத் தொடங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அங்கே கற்றுத் தருகிறார்களா? சோர்ந்து கிடப்பவரை எழுப்பி நடமாட வைக்கும் உத்திகள் ஏறக்குறைய எல்லாப் பயிற்சிகளிலும் உண்டு. தூக்கம் குறைந்து, பேச்சு வேகம் பிடித்து, புதுப்புதுத் திட்டங்கள் முளைக்கும் அந்த முதல் சில நாட்களில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தராத பயிற்சி மனச்சோர்வுக்கான பயிற்சிதான். பெயரில் பைபோலார் இருப்பதால் அது மாறிவிடாது.

நல்ல குழு கிடைத்தால் சேருங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. மருந்துக்கு மாற்றாக அல்ல, மருந்தோடு சேர்த்து. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியமோ வேறு மருந்தோ தரும் நிலைத்தன்மையின் மேல்தான் திறன்களைக் கட்ட முடியும். மருந்தை நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள் என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும், மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் விலகிவிடலாம்.

இந்தப் பெயரில் கிடைப்பவை

குழுத் திறன் பயிற்சி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சங்கதிகள் நடக்கின்றன. அறிவிப்பைப் படித்து வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறீர்கள், எத்தனை அமர்வுகள் என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அது மனம்விட்டுப் பேசும் கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது வேறு சேவை.

அதிகம் ஆராயப்பட்டது நோயறிவுப் பயிற்சி. பார்சலோனாவில் ஃபிரான்செஸ்க் கோலம், எடுவார்ட் வியெத்தா குழுவினர் வகுத்த முறையில் வாரம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், மொத்தம் 21 அமர்வுகள், ஒரு குழுவில் 8 முதல் 12 பேர். நோய் என்றால் என்ன, மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, போதைப்பொருளும் மதுவும் என்ன செய்யும், மேனியாவும் மனச்சோர்வும் வரும் முன் தெரியும் அறிகுறிகள், தினசரி ஒழுங்கு என்று வரிசையாகப் போகும்.

அடுத்தது டிபிடி (DBT, இயங்கியல் நடத்தைச் சிகிச்சை). தற்கொலை எண்ணமும் தீவிர உணர்ச்சிக் கொந்தளிப்பும் உள்ளவர்களுக்காக மார்ஷா லினஹன் உருவாக்கிய முறை இது. மனவிழிப்பு (இந்தக் கணத்தில் நடப்பதை எடைபோடாமல் கவனித்தல்), நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவுகளில் பேசும் திறன் ஆகிய நான்கு பகுதிகள். முழுச் சுற்று ஏறத்தாழ 24 வாரம் நடக்கும். பைபோலாருக்காக அதை 12 வாரமாகச் சுருக்கியும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது வகை, எலன் ஃபிராங்க் வகுத்த தினசரித் தாள முறை, அதாவது எழுவது, உண்பது, படுப்பது போன்றவற்றின் நேரத்தைச் சீராக்குவது. தனிநபர் சிகிச்சையாகப் பிறந்து பிறகு குழுவுக்கும் வந்தது. 8 வார மனவிழிப்புப் பயிற்சி, நினைவாற்றலும் கவனமும் மங்கியவர்களுக்கான செயல்திறன் மீட்புப் பயிற்சி ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னது அதிகம் பேசப்படாதது. மனநிலை சீரான பிறகும் வேலையில் தடுமாறுகிறவர்கள் தேடிப் பிடிக்க வேண்டியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

மூன்று ஆய்வுகளைச் சேர்த்து வாசித்தால், எந்தச் சேவைக்கு நேரத்தையும் பணத்தையும் கொடுக்கலாம் என்பது ஓரளவு தெளிவாகும்.

2003இல் வெளியான பார்சலோனா ஆய்வில் 120 பேர். எல்லோரும் குறைந்தது ஆறு மாதமாக மனநிலை சீராக இருந்தவர்கள், எல்லோரும் மருந்து எடுத்தவர்கள். பாதிப் பேருக்கு 21 அமர்வுப் பயிற்சி. மீதிப் பேர் பாடம் எதுவும் இல்லாமல் கூடிப் பேசினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் பாடம் இல்லாத குழுவில் 92 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பயிற்சி பெற்றவர்களில் 67 சதவீதம். ஐந்து ஆண்டுக்குப் பின் பார்த்தபோதும் பலன் தொடர்ந்தது. இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். பயிற்சி உதவுகிறது, ஆனாலும் பயிற்சி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் மறுபடி வந்திருக்கிறது. இனிமேல் வரவே வராது என்று உறுதி தருகிறவரை நம்ப வேண்டாம்.

2012இல் வந்த கனடா ஆய்வு 204 பேரை வைத்து, 6 அமர்வுக் குழுப் பயிற்சியையும் 20 அமர்வுத் தனிநபர் சிந்தனை நடத்தைச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. பலன் ஏறக்குறைய சமம். செலவு ஒருவருக்கு 180 டாலருக்கு எதிராக 1,200 டாலர். ஆறு அமர்வுதானே என்று குறுகிய பயிற்சியை ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

2016இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. 304 பேர், ஒரு பக்கம் 21 அமர்வுப் பயிற்சி, மறுபக்கம் அதே எண்ணிக்கையில் சக நோயாளிகளின் ஆதரவுக் கூட்டம். அடுத்த பாதிப்பு (மேனியாவோ மனச்சோர்வோ) வர ஆகும் காலத்தில் ஒட்டுமொத்தமாகத் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் அதுவரை ஏழு முறைக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி கூடுதலாக உதவியது. பயிற்சிக் குழுவில் வருகையும் அதிகம்: நடுமதிப்பு 14 அமர்வு, ஆதரவுக் கூட்டத்தில் 9. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது, தள்ளிப்போடாமல் சீக்கிரம் சேருங்கள் என்பதுதான். இருபது முறை பாதிக்கப்பட்ட பிறகு சேர்வதைவிட, இரண்டாவது மூன்றாவது முறைக்குப் பின் சேர்வது மேல்.

சேரும் நேரம்

பலரும் சேர விரும்புவது மோசமான கட்டத்தில். பயிற்சி வேலை செய்வது சீரான கட்டத்தில். கடும் மனச்சோர்வில் இருப்பவரால் 90 நிமிடம் கவனித்துக் குறிப்பெடுக்க முடியாது. அமர்வு முடிந்ததும், இதுகூடத் தன்னால் முடியவில்லையே என்ற எண்ணம்தான் மிஞ்சும். ஹைப்போமேனியாவில், அதாவது மேனியாவின் மிதமான வடிவத்தில், இருப்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும், வீட்டுப்பாடம் செய்ய மாட்டார், மற்றவர்களின் பேச்சுநேரத்தையும் எடுத்துக்கொள்வார். குழுவில் ஒருவர் வேகமெடுத்தால் அந்த வேகம் அறையில் பரவுவதும் உண்டு.

ஆகவே நல்ல சேவையில் முதல் அமர்வுக்கு முன் தனியாக ஒரு நேர்காணல் இருக்கும். கடைசியாக எப்போது பாதிப்பு வந்தது, இப்போது தற்கொலை எண்ணம் உண்டா, மது அல்லது போதைப் பழக்கம் உண்டா, மருந்து தருகிற மருத்துவர் யார், நெருக்கடியில் யாரை அழைக்கலாம் என்று கேட்பார்கள். கட்டணம் கட்டியவுடன் அடுத்த நாளே குழுவில் உட்கார வைக்கும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதென்றால் குழுவுக்காகக் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போக வேண்டும்.

அமர்வு நடக்கும் விதம்

இரண்டு பேர் வழிநடத்துவது அவசியம். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்றவர் முகங்களைப் பார்க்க வேண்டும். யாராவது கலங்கி எழுந்து வெளியே போனால் பின்னால் போகவும் ஒரு ஆள் வேண்டும். 90 நிமிடத்தில் முதல் 25, 30 நிமிடம் போன வார வீட்டுப்பாடத்துக்கு. பிறகு ஒரே ஒரு புதிய திறன். அதை அறையிலேயே செய்து பார்ப்பது. கடைசிப் பத்து நிமிடத்தில், வரும் வாரத்தில் எந்த நாள் எந்த நேரத்தில் எங்கே அதைச் செய்யப் போகிறார் என்று ஒவ்வொருவரும் எழுதுவது.

பெரும்பாலான குழுக்கள் சொதப்புவது முதல் அரைமணியில்தான். வீட்டுப்பாடத்தைக் கேட்காமல் புதிய பாடத்துக்குத் தாவினால், மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் செய்து வர மாட்டார்கள். செய்யாமல் வந்தவரைக் கடிந்துகொண்டால் அவர் அடுத்த வாரம் வரவே மாட்டார். எந்த இடத்தில் தடைபட்டது என்று கேட்பவர்தான் நல்ல பயிற்சியாளர். தாள் தொலைந்ததா, மறந்ததா, செய்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீர்வு.

மூட் சார்ட்

அன்றாட மனநிலையைக் குறித்துவைக்கும் இந்தத் தாளை ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் தருகின்றன. பல குழுக்கள் தவறான தாளைத் தருகின்றன. 0 முதல் 10 வரை மகிழ்ச்சியை அளக்கச் சொல்லும் தாள் பைபோலாருக்கு உதவாது, ஏனெனில் அதில் 10 என்பது இலக்காகிவிடுகிறது. நடுவில் 0 வைத்து, கீழே −3 வரையும் மேலே +3 வரையும் போகும் தாள் வேண்டும். அதில் 0தான் நல்ல நாள். +2 எச்சரிக்கை. இந்த ஒரு மாற்றமே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

நாளொன்றுக்கு ஒரு வரி போதும்: தூங்கிய மணிநேரம், மனநிலை எண், எரிச்சல் 0 முதல் 3 வரை, மாத்திரை எடுத்தாரா, அன்றைய முக்கிய நிகழ்வு. பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்கலாம். தூக்கத்தை முதல் பத்தியில் வைப்பது முக்கியம். மனநிலை எண் நாம் நினைப்பதைப் பொறுத்து ஏறி இறங்கும், தூங்கிய மணிநேரத்தில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது கடினம். எரிச்சலுக்குத் தனிப் பத்தி வைப்பதற்குக் காரணம், எல்லா மேனியாவும் குதூகலமாக வருவதில்லை. சிலருக்கு அது கோபமாக மட்டுமே வரும். சோர்வும் வேகமும் கலந்து வரும் கலப்பு நிலையில் ஒரே நாளில் −2ம் +2ம் எழுத இடம் வேண்டும். அதற்கு இடமில்லாத தாளைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். கலப்பு நிலையில் தற்கொலை அபாயம் கூடுதல் என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வழக்கமாக நடக்கும் தவறு, ஏழு நாள் வரிகளையும் அமர்வுக்கு முந்தின இரவு ஒரே மூச்சில் நிரப்புவது. அன்றைய மனநிலையின் நிறம் முழு வாரத்துக்கும் ஏறிவிடும். இரவு மாத்திரையோடு சார்ட்டைக் கட்டிவைத்தால் இது குறையும்: மாத்திரைப் பெட்டியின் மேல் தாள், தாளோடு பேனா.

தினசரித் தாளம்

மனநிலையை நேரடியாகக் கட்டுப்படுத்த முடியாது, ஆனால் எழும் நேரத்தை ஓரளவு கட்டுப்படுத்தலாம் என்பதே இந்தப் பகுதியின் அடிப்படை. ஐந்து புள்ளிகளைக் குறிக்கச் சொல்வார்கள்: படுக்கையிலிருந்து எழுவது, முதன்முதலாக இன்னொருவரோடு பேசுவது, வேலையோ படிப்போ வீட்டுப்பணியோ தொடங்குவது, இரவு உணவு, படுக்கப் போவது. ஒவ்வொன்றுக்கும் வழக்கமான நேரம் ஒன்றைக் குறித்து, அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் நடந்தால் அன்று ஒழுங்காக நடந்ததாகக் கணக்கு.

ஐந்தையும் ஒரே வாரத்தில் சீராக்க முனைந்தால் அத்தனையும் கலையும். எழும் நேரத்தில் தொடங்க வேண்டும். தூங்கும் நேரம் நம் விருப்பத்துக்கு வராது, எழும் நேரத்துக்கு அலாரம் வைக்கலாம். பத்து மணிக்கு எழுபவர் மறுநாளே ஆறு மணிக்கு எழ முயலக் கூடாது. சில நாளுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் முன்னால் நகர்த்தினால் போதும். விடுமுறை நாளிலும் அதே நேரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை மிகவும் அவசியம். தூக்கமின்மைக்கான பொதுப் பயிற்சிகளில், படுக்கையில் இருக்கும் நேரத்தைத் திட்டமிட்டுக் குறைக்கும் உத்தி ஒன்று உண்டு. பைபோலார் உள்ளவருக்குத் தூக்கக் குறைவு மேனியாவைத் தூண்டக்கூடியது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் குழுவில் அந்த உத்தியைச் சொல்லித் தருகிறார்கள் என்றால், பயிற்சியாளருக்கு இந்த நோய் சரியாகத் தெரியவில்லை. நேர மண்டலம் தாண்டிய பயணம், இரவுப் பணி, கைக்குழந்தை, தேர்வுக்குக் கண்விழிப்பது ஆகியவற்றுக்கு முன்கூட்டியே திட்டம் போடச் சொல்லித் தருகிற குழு அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முன் அறிகுறித் தாள்

முழுப் பயிற்சியிலும் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு போக முடியும் என்றால், இந்த ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, 69 பேரில் ஒரு பாதியினருக்கு முன் அறிகுறிகளைக் கண்டறிந்து உடனே சிகிச்சை நாடத் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்தது. நான்கில் ஒரு பங்கினருக்கு மேனியா திரும்ப, கற்காத பக்கத்தில் 17 வாரம் ஆனது, கற்ற பக்கத்தில் 65 வாரம். மனச்சோர்வு திரும்புவதில் வேறுபாடு இல்லை. மேலே ஏறும் பக்கத்தில்தான் இந்தத் தாள் பலம் காட்டுகிறது.

தயாரிக்கும் முறை: கடைசி இரண்டு மூன்று பாதிப்புகளை எடுத்துக்கொண்டு, மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்தோ வேலை கெட்ட நாளிலிருந்தோ பின்னோக்கி நடக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் என்ன மாறியது? அதற்கும் முந்தின வாரம்? எல்லோருக்கும் பொதுவான பட்டியலைப் பார்த்து டிக் அடிப்பது தொடக்கத்துக்கு மட்டுமே சரி. அதிகம் பேசுவது என்று எழுதினால் பயனில்லை. பழைய நண்பர்களைத் தேடித்தேடி அழைப்பது, ஒரே நாளில் அலமாரி முழுவதையும் கலைத்து அடுக்குவது, எல்லாப் பாட்டிலும் தனக்கென்று ஒரு செய்தி கேட்பது, ஓட்டும் வண்டியின் வேகம் கூடுவது என்று கண்ணால் பார்க்கக்கூடிய, மற்றவரும் சொல்லக்கூடிய செயலாக இருக்க வேண்டும்.

பிறகு அவற்றை மூன்று படியாகப் பிரிக்க வேண்டும். முதல் படியில் மிக மெல்லிய மாற்றங்கள்: வழக்கத்தைவிட ஒன்றரை மணிநேரம் குறைவாகத் தூங்கியும் களைப்பில்லை. இரண்டாம் படி: அப்படியே இரண்டு இரவு, கூடவே இரண்டு மூன்று அறிகுறிகள். மூன்றாம் படி: மற்றவர்கள் வெளிப்படையாகக் கவலைப்படும் அளவு. ஹைப்போமேனியா என்று கணக்கிட 4 நாள், மேனியாவுக்கு ஒரு வாரம் என்று நோயறிதல் விதிகள் சொல்கின்றன. அந்த நாட்கள் நிறைவதற்குள் இரண்டாம் படியிலேயே மருத்துவரை அழைத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் அழைப்பது தாமதம்; அப்போது அவருக்கே தனக்கு எதுவும் ஆகவில்லை என்று தோன்றும்.

ஒவ்வொரு படிக்கும் எதிரே செய்ய வேண்டியது. முதல் படியில்: மாலை ஏழு மணிக்கு மேல் காபி, தேநீர், திரை, விவாதம் எதுவும் இல்லை, அறை விளக்குகள் மங்கலாக, மாலை நிகழ்ச்சிகள் ரத்து, வழக்கமான நேரத்தில் படுக்கை, தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் ஓய்வு. இரண்டாம் படியில்: மருத்துவரை அழைப்பது, அவர் முன்கூட்டியே எழுதித் தந்த அவசர மாத்திரை இருந்தால் அவர் சொன்ன அளவில் எடுப்பது, கடன் அட்டையையும் வண்டிச் சாவியையும் நம்பிக்கையானவரிடம் கொடுப்பது. பெரிய செலவு, வேலையை விடுவது, புதிய உறவு, புதிய தொழில் எதுவானாலும் 48 மணிநேரம் காத்திருந்து, இரண்டு பேரிடம் கேட்டு, இருவரும் சரி என்றால் மட்டும். நல்ல யோசனை இரண்டு நாள் கழித்தும் நல்ல யோசனையாகவே இருக்கும்.

இந்தத் தாள் தோற்றுப்போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவையே. வீட்டிலுள்ளவரிடம் காட்டாமல் கோப்பில் வைத்தது. மருத்துவருக்கே இப்படி ஒரு தாள் இருப்பது தெரியாதது. எல்லா மகிழ்ச்சியையும் அறிகுறியாக்கிவிட்டது. கடைசியாகச் சொன்னது கொடுமையானது: ஒருவர் சத்தமாகச் சிரித்தாலே வீட்டார் மாத்திரை போட்டாயா என்று கேட்க ஆரம்பிப்பார்கள், அவர் தாளையே வெறுத்துவிடுவார். ஒற்றை அறிகுறி கணக்கில் வராது, தூக்கத்தோடு சேர்ந்து வந்தால்தான் கணக்கு என்பதைத் தாளிலேயே எழுதி, என்ன சொற்களில் கேட்கலாம் என்பதையும் இருதரப்பும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

டிபிடி திறன்களில் எது பொருந்தும்

உணர்ச்சி தூண்டும் செயலுக்கு நேர்மாறாகச் செய்யும் திறன் பைபோலாருக்கு மிகப் பொருத்தமானது, இரண்டு திசையிலும் சொல்லித் தந்தால். சோர்வில் படுத்தே இருக்கத் தோன்றும்போது பத்து நிமிடம் வெளியே நடப்பது. ஏற்றத்தில் ஐந்து பேரை அழைக்கத் தோன்றும்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்வது. முதல் பாதியை மட்டும் நடத்தும் பயிற்சியாளர்கள் உண்டு. இனிமையான செயல்களின் பட்டியலை எல்லோருக்கும் ஒரேபோலக் கொடுத்து இந்த வாரம் நிறையச் செய்யுங்கள் என்று அனுப்புவதும் நடக்கிறது. +1இல் இருப்பவருக்கு அது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

நெருக்கடி தாங்கும் திறன்களில், முகத்தைக் குளிர்நீரில் வைப்பது, குறுகிய நேரக் கடும் உடற்பயிற்சி, மூச்சை மெதுவாக்குவது, தசைகளை இறுக்கித் தளர்த்துவது ஆகியவை வரும். தற்கொலைத் தூண்டுதலின் உச்சத்தைக் கடக்க இவை உண்மையிலேயே உதவும். இதயக் கோளாறு உள்ளவர்கள் குளிர்நீர் உத்தியை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது, ஏனெனில் அது இதயத்துடிப்பைக் குறைக்கும். இரவு பத்து மணிக்குக் கடும் உடற்பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்பதையும் பைபோலார் குழுவில் சொல்லியாக வேண்டும். மூச்சை மெதுவாக்கும்போது உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது எளிது.

மனவிழிப்புப் பயிற்சியை மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தொடங்குவதே நல்லது. ஆழ்ந்த சோர்வில் நீண்ட நேரம் கண்மூடி உட்கார்ந்தால் பழைய எண்ணங்களே சுழலும். உறவுத் திறன் பகுதியைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். மேனியாவில் புண்படுத்தியவர்களிடம் திரும்பிப் போய்ப் பேசுவதை ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. என்ன நடந்தது, எதற்கு வருந்துகிறேன், அடுத்தமுறை என்ன ஏற்பாடு என்று மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழக வேண்டும்.

மருந்து பற்றிய அமர்வு

இந்த அமர்வை ஒரு மனநல மருத்துவரோ மருந்தாளுநரோ வந்து நடத்தும் குழுவைத் தேர்ந்தெடுங்கள். லித்தியம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை பல: ரத்த அளவைப் பார்க்கக் கடைசி மாத்திரைக்கு 12 மணிநேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், நீண்டகாலப் பராமரிப்பில் வழக்கமான அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல்; சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனைகள் தொடர்ந்து வேண்டும். வாந்தி, பேதி, கடும் வியர்வை, உப்பைத் திடீரென்று குறைப்பது, இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள், சில ரத்த அழுத்த மருந்துகள் லித்தியம் அளவை ஏற்றிவிடும். கைநடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் நச்சுத்தன்மை என்று எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தவறிய மாத்திரையை அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. மனநிலையைச் சீராக்கும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜின் சில நாள் தொடர்ந்து விட்டுப்போனால், பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. கடுமையான தோல் பாதிப்பு வரும் ஆபத்து இருப்பதால் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அதே வகை மருந்தான, ஆனால் கருவுக்குத் தீங்கு தரக்கூடிய வால்ப்ரோயேட் எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கும் எண்ணம் வந்ததும், கருவுறும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். தானாக நிறுத்துவதும் ஆபத்து. இவற்றைச் சொல்லித் தருவது வேறு, மருந்தை மாற்றச் சொல்வது வேறு. குழுவில் ஒருவர் எனக்கு இந்த மாத்திரை ஒத்துவரவில்லை, நிறுத்திவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது வழிநடத்துபவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கேட்டுக்கொண்டு கடந்துபோனால் குறை அவரிடம்தான்.

குழு கெடுவது எப்படி

ஒப்பீடு முதல் எதிரி. மூன்று முறை மருத்துவமனையில் இருந்தவர் பேசுவதைக் கேட்டு, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர் இதுதான் என் எதிர்காலம் என்று முடிவுகட்டுவார். ஒரு குழுவில் ஒரே ஒரு புதியவரைப் போடாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ப்பது இதைக் குறைக்கும். மேனியாக் கதைகள் சுவாரசியமாகிவிடுவது இன்னொரு சிக்கல். செலவழித்த தொகையும் செய்த சாகசமும் சிரிப்போடு சொல்லப்படும்போது, விளைவையும் சேர்த்துக் கேட்கும் பயிற்சியாளர் வேண்டும்.

தொடங்கிய பிறகு ஆள் சேர்க்காத மூடிய குழுதான் நல்லது. பாதியில் புதியவர் வந்தால் நம்பிக்கையைத் திரும்பவும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் குழு வைத்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல் செய்தி கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கட்டும். நள்ளிரவு உரையாடல் ஒருவருடைய தூக்கத்தைக் கெடுத்தால் பயிற்சிக்கே முரண். அங்கே தற்கொலைச் செய்தி வந்தால் யார், எவ்வளவு நேரத்தில் பதில் தருவார் என்பதும் முதல் நாளே தெளிவாக வேண்டும். இணையவழி அமர்வென்றால், ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் அன்று எந்த முகவரியில் இருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கேட்காதவரால் நெருக்கடியில் உதவி அனுப்ப முடியாது.

குடும்பத்தாருக்கு ஓர் அமர்வாவது தனியே இருக்க வேண்டும். வீட்டில் விமரிசனமும் சண்டையும் அதிகமென்றால் குழு மட்டும் போதாது. டேவிட் மிக்லோவிட்ஸ் வகுத்த குடும்பமையச் சிகிச்சை, 9 மாதத்தில் 21 அமர்வுகள், அதற்கே உரியது.

யாருக்கு எது

நோய் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆனவருக்கு நோயறிவுப் பயிற்சி. 21 அமர்வு முடியாவிட்டால் 6 அமர்வு. தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்தும் பழக்கமும் திரும்பத் திரும்ப வருபவருக்கு டிபிடி, ஆனால் தனிநபர் சிகிச்சையோடு சேர்த்து. தூக்கமும் வேலை நேரமும் தாறுமாறாக உள்ளவருக்குத் தினசரித் தாள முறை. எஞ்சி நிற்கும் பதற்றமே பெரிய தொல்லை என்றால் மனவிழிப்பு. அது நோய் திரும்புவதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முடிந்த பிறகு என்ன என்பதையும் சேரும்போதே கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் அமர்வு நடத்தும் இடத்துக்கு எங்கள் முன்னுரிமை. முன் அறிகுறித் தாளின் மேல் தேதி போட்டு, ஒவ்வொரு பாதிப்புக்குப் பிறகும் மருந்து மாறும்போதும் திருத்தி, ஒரு படி மருத்துவரின் கோப்பிலும் ஒரு படி வீட்டில் நம்பிக்கையானவரிடமும் கொடுத்துவிடுங்கள்.